பின்னறைக்கு எட்டாத இணையம்

நேயர்களே, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கரும்பலகைக்கு முன்னே நின்று பழகிய எம்மனோர் கைத்தொலைபேசியின் சிறு திரைக்கு முன்னே அமர்ந்து பாடஞ் சொல்ல நேர்ந்தது. உயர்தர வகுப்பு மாணவருக்கு அக்காலத்தில் நான் தமிழிலக்கியம் கற்பித்து வந்தேன். அவ்வகுப்பிலே மாணவி ஒருத்தி நாள்தோறும் வருவாள், பத்து நிமிடம் இருப்பாள், பின் மறைந்துவிடுவாள். சிறிது நேரத்தில் மீண்டும் தோன்றுவாள். வினா ஒன்றை வினவினால் விடை வாராது. அசையாத முகமொன்றே திரையில் நிற்கும். கவனமில்லாத பிள்ளை என்று நான் முடிவு செய்தேன். ஒருநாள் ஏனையோர் கேட்கும்படியாகக் கடிந்தும் கொண்டேன்.

பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், வேறோர் அலுவலாக அவளுடைய இல்லத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. தடித்த சுண்ணக்கற் சுவர்களைக் கொண்ட பழைய கல்வீடு அது. வீதியோரத்து முன்னறையிலே, இரும்பு அலுமாரி ஒன்றின் பின்னே, ரவுட்டர் என்னும் அந்தச் சிறு பெட்டி இருந்தது. வெளியிலிருந்து இணையக் கம்பி உள்ளே நுழைந்த இடம் அதுவாகையால், பெட்டியும் அங்கேயே வைக்கப்பட்டுவிட்டது. மாணவி படித்ததோ மூன்று சுவர்களுக்கு அப்பால், குசினியை அடுத்த பின்னறையில். “சேர், மாசாமாசம் கூடக் காசு கட்டி வேகத்தைக் கூட்டினம், பின்னறையிலை ஒரு மாற்றமும் இல்லை” என்றார் அவளுடைய தந்தையார்.

அன்று நான் நாணினேன். பிள்ளையின் குற்றம் என்று நான் கருதியது சுவரின் குற்றமாயிருந்தது. நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன், கலைப்பட்டதாரி. எனினும், ஒரு வீட்டின் முன்னறையில் வெள்ளமாகப் பாயும் இணையம் பின்னறையில் துளித்துளியாகச் சொட்டுவது ஏன் என்பதை அறிந்தே தீர வேண்டும் என்று எண்ணினேன். அவ்வாறு கற்றறிந்தவற்றையும், பல வீடுகளிற் செய்து பார்த்தவற்றையும் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவதாக ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இணையம் நம்மை வந்தடையும் பாதை இரு கூறுகளாக உள்ளது. ஒன்று, வெளியிலிருந்து ரவுட்டர் வரையுள்ள பாதை. மற்றையது, ரவுட்டரிலிருந்து நம் கையிலுள்ள கருவி வரையுள்ள பாதை. முன்னையது சேவை வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. பின்னையது வீட்டாரின் பொறுப்பு. மாதக் கட்டணத்தைக் கூட்டினால் வேகம் பெறுவது முன்னையது மாத்திரமே. பின்னைய பாதை அடைபட்டிருக்குமாயின், எவ்வளவு பணம் செலுத்தினாலும் பயனில்லை. வாய்க்கால் தூர்ந்து கிடக்கையில், குளத்துக்கு மேலும் நீரைக் கொண்டுவந்து என்ன பயன்?

ஆகவே பணத்தைச் செலவிடுமுன் அளந்து பார்த்தல் வேண்டும். மடிக்கணினி ஒன்றை வலைக்கம்பியால் ரவுட்டருடன் நேரே இணைத்து, வேகம் அளக்கும் தளமொன்றிற் சோதியுங்கள். கம்பி இல்லையெனில் ரவுட்டரிலிருந்து இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று சோதியுங்கள். பின்னர் ஒவ்வோர் அறையாகச் சென்று அதே சோதனையைச் செய்து, எண்களைத் தாளொன்றிற் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறையும், ஊரார் யாவரும் இணையத்தை நாடும் இரவு எட்டு மணியளவில் ஒருமுறையும் செய்தல் நன்று. ரவுட்டரின் அருகிலேயே வேகம் குறைவாயின் குறை வெளிப்பாதையிலுள்ளது, நிறுவனத்திடம் முறையிடலாம். அருகில் நிறைவாகவும் பின்னறையிற் குறைவாகவும் இருப்பின், குறை நம் வீட்டுக்குள்ளேயே உள்ளது.

இவ்விடத்திற் பலரை மயக்கும் ஒரு செய்தியையும் சொல்லிவிடல் வேண்டும். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் என்னும் அலகிற் கூறுகின்றன. நாம் இறக்கும் கோப்புகளின் அளவோ மெகாபைட் என்னும் அலகில் உள்ளது. எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். எனவே, செக்கனுக்கு 100 மெகாபிட் என்று சொல்லப்படும் இணைப்பிலே செக்கனுக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வாராது. இது ஏமாற்று அன்று, அலகு வேறுபாடு. அன்றியும், காணொளி வகுப்பொன்றுக்குச் செக்கனுக்கு இரண்டு முதல் நான்கு மெகாபிட் வரை தடையின்றிக் கிடைத்தாலே பெரும்பாலும் போதும். மிகுதியான வேகமன்று, அறாத வேகமே மாணவனுக்கு வேண்டுவது.

இனி, வீட்டுக்குள்ளே நிகழ்வதை நோக்குவோம். வைஃபை என்பது வானொலி அலையே. மின்காந்த அலைகள் உண்டென்பதையும், அவை ஒளியைப் போலவே தெறிக்கும் என்பதையும் 1888ஆம் ஆண்டளவில் ஜெர்மனியிலே ஹைன்றிக் ஹேர்ட்ஸ் என்னும் அறிஞர் சோதனைகளால் நிறுவினார். அவ்வலைகளைக் கொண்டே நம் நாட்டிற் கொழும்பில் 1925 டிசெம்பர் 16ஆம் திகதி ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அந்த ஒலிபரப்பின் மத்திய அலை, மலையையும் மதிலையும் கடந்து நம் வீடுகளை அடைந்தது. ஆனால் வைஃபை அலை நம் வீட்டுச் சுவரொன்றைக் கடக்க இடர்ப்படுகின்றது. காரணம் யாது? மத்திய அலையின் நீளம் சில நூறு மீற்றர். வீடும் மதிலும் அதற்குச் சிறு கற்கள் போன்றவை, சுற்றிக்கொண்டு சென்றுவிடும். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், ஏறக்குறைய அரைச் சாண். 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதனினும் பாதியளவே. இத்துணைச் சிறிய அலை ஒளியைப் போலவே நடந்துகொள்ளும். தடுப்பன தடுத்தால் நிழல் விழும். பின்னறையிலே அம்மாணவி அமர்ந்திருந்தது அந்த நிழலிலேதான்.

ரவுட்டரை ஒரு விளக்கென்று எண்ணிக்கொள்ளுங்கள். பல ஐயங்கள் தாமே நீங்கும். தூரம் இரட்டித்தால், திறந்தவெளியிலேகூட, வலிமை நாலிலொன்றாகக் குறைகின்றது. மரக்கதவும் பலகைத் தட்டியும் சிறிதளவே தடுக்கும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் அதனினும் கூடுதலாகத் தடுக்கும். பழைய வீடுகளின் தடித்த கற்சுவரும், இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்றுத் தட்டும் பெருந்தடைகள். உலோகம் அலையைத் திருப்பியே விடும். ஆதலின் இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தகரக் கூரை, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியின் பின்பூச்சு ஆகியவற்றுக்குப் பின்னே ரவுட்டரை வைப்பது, விளக்கை ஏற்றிக் குடத்துள் வைப்பதை ஒக்கும். நீர் அலையை உறிஞ்சும். எனவே நீர்த்தாங்கியும் மீன்தொட்டியும் அருகே ஆகா.

வலிமையை அறிய, கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளத்தக்க இலவச அளவுச் செயலிகள் உள்ளன. அவை டெசிபெல் அளவை மறைக்குறியுடன் ஓர் எண்ணாகக் காட்டும். −50 என்றால் மிக நன்று. −67 வரை காணொளி வகுப்பு தடையின்றி நடக்கும். −80 என்றால் இணைப்பு இருந்தும் இல்லாதது போன்றதே. இவ்வளவுகோலிலே பத்து எண் இறங்குவது வலிமை பத்திலொன்றாகச் சுருங்குவதைக் குறிக்கும். −40 உள்ள முன்னறைக்கும் −70 உள்ள பின்னறைக்கும் இடையே உள்ள வேறுபாடு முப்பது மடங்கன்று, ஆயிரம் மடங்கு. மூன்று சுவர்கள் செய்யும் வேலை இது.

ஆகவே செலவில்லாத முதல் மருந்து இடமாற்றமே. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். நிலத்தில் வைக்காது, தலையுயரத்துக்கு மேலாகத் திறந்த தட்டொன்றில் வையுங்கள். நாற்சார் வீடாயின் நடுமுற்றத்தை நோக்கிய உள்விறாந்தை மிகச் சிறந்த இடம். முற்றத்து வெளியினூடாக அலை நாற்புறத்து அறைகளுக்கும் செல்லும். கம்பி நீளாவிடின், அதற்கெனச் சில மீற்றர் கம்பியை நீட்டித் தரும்படி கேட்டுக்கொள்ளலாம். ஆயின், கண்ணாடி இழைக் கம்பியைத் தாமே இழுத்தலோ மடித்தலோ ஆகாது, அது முறிந்துவிடும். அவ்விழை வந்து சேரும் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, அதிலிருந்து சாதாரண வலைக்கம்பியால் வேறொரு ரவுட்டரை நடுவீட்டில் அமைப்பதும் ஒரு வழி.

ரவுட்டருக்குக் கோல் போன்ற அலைவாங்கிகள் இருப்பின், அவை எதனை நோக்கி நிற்கின்றனவோ அத்திசையிலே அலை பாயும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மறுதலை. கோலைச் சூழ்ந்து உழுந்து வடை வடிவிலே அலை பரவும். கோலின் நுனித்திசை வடையின் துளையாகும். ஒரே தளமுள்ள வீட்டிற் கோல்கள் நேர்குத்தாக நிற்றல் வேண்டும். மேல்மாடி உள்ள வீட்டில் ஒன்றைக் கிடையாகச் சாய்த்துப் பார்க்கலாம்.

கம்பிக்குப் பதிலாகச் சிம் அட்டை இட்ட ரவுட்டரைப் பயன்படுத்தும் இல்லங்கள் நம் கிராமங்களிற் பல. அவற்றுக்கு ஒரு சிக்கல் உண்டு. அப்பெட்டி வெளியே தொலைபேசிக் கோபுரத்தோடும் பேச வேண்டும். உள்ளே நம் கருவிகளோடும் பேச வேண்டும். வீட்டின் நடுவிலே கோபுரத்தின் அலை மெலிந்துவிடலாம். அவ்வாறாயின், கோபுரம் உள்ள பக்கத்து யன்னலோரமே அதற்கு ஏற்ற இடம். ஒவ்வொரு யன்னலாக வைத்து வேகத்தை அளந்து, சிறந்ததைத் தேர்ந்து, வீட்டின் உட்பகுதிக்கு வேறு ஏற்பாடு செய்தல் வேண்டும். அவ்வேற்பாட்டைப் பின்னர்ச் சொல்வேன்.

இடமாற்றத்தின் பின் கவனிக்க வேண்டியது அலைவரிசை. இக்காலத்து ரவுட்டர்கள் பெரும்பாலும் இரு வரிசைகளிற் பேசும். 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் செல்லும்; வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் மிக்கது. ஆனால் சுவரைக் கடக்கையில் விரைவில் மெலியும். ரவுட்டர் உள்ள அறையிலும் அடுத்த அறையிலும் ஐந்தையும், தூரத்து அறையில் 2.4ஐயும் பயன்படுத்துதல் பொருந்தும். முன்னறைத் தொலைக்காட்சியை ஐந்துக்கு மாற்றினாலே, பின்னறைப் பிள்ளைக்கு மற்றைய வரிசையில் இடம் கிடைக்கும்.

2.4 வரிசைக்கு வேறொரு துன்பமும் உண்டு. அது நெருக்கடி மிக்கது. நுண்ணலை அடுப்பும் அதே 2.45 கிகாஹேர்ட்ஸ் அளவிலேயே இயங்குகின்றது. அடுப்பிலிருந்து கசியும் சிறிதளவு அலையே குசினிப் பக்கத்து இணைப்பைக் குலைக்கப் போதும். அயல்வீட்டு ரவுட்டர்களும் அவ்வரிசையிலேயே பேசும். அதிற் பதின்மூன்று வழிகள் இருப்பதாக எண்ணப்படினும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று மோதாமல் நிற்பவையாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திற் புகுந்து, அயலார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றை இம்மூன்றிலிருந்து தேர்தல் நன்று. வெள்ளவத்தை போன்ற இடங்களின் அடுக்குமாடி வீடுகளில் இந்நெருக்கடி மிகுதி. ஆனால் அங்கே 5 கிகாஹேர்ட்ஸ் வரிசைக்குச் சுவரே துணையாகின்றது. அயலார் அலையை அது நம் வீட்டுக்குள் விடாது தடுக்கும். ஒரே சுவர் தனிவீட்டிற் பகையாகவும் மாடிவீட்டில் நட்பாகவும் நிற்பது வியப்பன்றோ!

அடுத்ததாக, வைஃபை ஒரு வகுப்பறை போன்றது என்பதை உணர்தல் வேண்டும். ஒரு வழியிலே ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம்; ஏனையோர் தம் முறை வரும்வரை காத்திருப்பர். தூரத்திலிருந்து மெலிந்த அலையிற் பேசும் கருவியும், பழைய கருவியும் அதே செய்தியைச் சொல்ல நெடுநேரம் எடுக்கும். அந்நேரமெல்லாம் பிறர் காத்திருக்கின்றனர். ஆகையால் பின்னறையின் குறையைத் தீர்த்தால் முன்னறையும் பயன்பெறும். இன்னொன்று: கைத்தொலைபேசிகள் நாம் அறியாமலே புகைப்படங்களை மேலேற்றிக்கொண்டிருக்கும், கண்காணிப்புக் கமராக்களும் அவ்வாறே. மேலேற்றும் பாதை பல இணைப்புகளிற் குறுகியது. அது நிரம்பினால் பேசும் குரல் அறுந்துவிடும். வகுப்பு நேரங்களில் அவற்றை நிறுத்தி வைப்பது வீட்டாரின் கடமை.

ரவுட்டரின் வயதும் கருதத்தக்கது. இத்தொழில்நுட்பத்தின் முதல் நியமம் வெளிவந்தது 1997ஆம் ஆண்டில். அதன் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட். வைஃபை என்னும் பெயர் 1999இல் வழக்குக்கு வந்தது. வீட்டுக்குள்ளே அலைகள் சுவரிலும் தளபாடத்திலும் தெறித்து எதிரொலியாகக் குழம்புவது அக்காலத்திற் பெருந்தடையாயிருந்தது. அத்தடையை வெல்லும் வழியொன்றை அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆராய்ச்சி நிறுவனத்திலே ஜோன் ஓசலிவனும் அவருடைய குழுவினரும் கண்டனர். 1996இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றனர். விண்ணிலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளை ஆராய்ந்த அனுபவம் அவர்களுக்குக் கைகொடுத்தது. செய்தியைப் பல கூறுகளாக்கி, பல மெதுவான அலைகளில் ஒரேகாலத்தில் அனுப்புவதே அம்முறையின் சாரம். 2009, 2013, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த புதிய நியமங்கள் வேகத்தைப் படிப்படியாகப் பெருக்கின. எனவே 2009க்கு முற்பட்ட நியமத்தில் இயங்கும் ரவுட்டர் உங்கள் வீட்டில் இன்னும் இருப்பின், அதற்கு ஓய்வு கொடுத்தல் தகும்.

இவையெல்லாம் செய்தும் பின்னறை இருளிலேயே இருக்குமாயின், இரண்டாவது விளக்கு வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அலைநீட்டிகளை வாங்கி, இணையம் எட்டாத மூலையிலேயே பலர் செருகுகின்றனர். செய்தியைத் தானே கேளாத தூதன் பிறருக்கு எதனைச் சொல்வான்? அது ரவுட்டருக்கும் பின்னறைக்கும் இடைநடுவே, அலை இன்னும் வலிமையாக உள்ள இடத்தில் இருத்தல் வேண்டும். அவ்வாறு வைப்பினும், கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே வழியைப் பயன்படுத்தும் நீட்டி, வேகத்திற் பாதியளவை இழக்கும். பல சிறு ரவுட்டர்கள் தம்முள் இணைந்து ஒரே பெயரில் இயங்கும் மெஷ் என்னும் அமைப்பு இதனிற் சிறந்தது, விலையும் கூடியது.

எல்லாவற்றினும் உறுதியானது கம்பியே. கம்பியில்லா இணையத்தைப் பற்றிப் பேச வந்தவன் கம்பியைப் புகழ்கின்றானே என்று நீங்கள் நகைக்கலாம். ஆயினும் உண்மை அதுவே. வலைக்கம்பி சுவருக்கும் அயலாருக்கும் நுண்ணலை அடுப்புக்கும் அஞ்சாது. கற்றகரி 5இ என்னும் சாதாரண வகைக் கம்பி, 100 மீற்றர் தூரம் வரை செக்கனுக்கு 1000 மெகாபிட்டைக் கொண்டுசெல்லவல்லது. ரவுட்டரிலிருந்து வளையோரமாக ஒரு கம்பியைப் பின்னறைக்கு இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை அலைபரப்பியாக மாத்திரம் இயங்கும்படி இணைத்துவிட்டால், பின்னறையே முன்னறையாகிவிடும். யன்னலோரச் சிம் ரவுட்டர் உள்ள வீடுகளுக்கு நான் முன்னர்க் குறித்த ஏற்பாடும் இதுவே.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டிலே ஏப்ரல் மாதத்திலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகுதி. இடி முழங்கத் தொடங்குமுன்னரே ரவுட்டரின் மின்செருகியையும், செப்புக் கம்பியால் வரும் தொலைபேசி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளிவெளியே செப்புக் கம்பி இழுப்பதைத் தவிருங்கள். அன்றியும், ரவுட்டருக்குக் கடவுச்சொல் இடாது விடுதல் படலையைத் திறந்துவிட்டு உறங்குதலாகும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் காப்பு முறையைத் தேருங்கள். நம் வேகத்தை நாமறியாத அயலார் உண்பதும் சிலவேளை தாமதத்துக்குக் காரணமாகும்.

அந்த வீட்டிலே நாங்கள் செய்தது மிகச் சிறிது. ரவுட்டரை அலுமாரியின் பின்னிருந்து எடுத்து, உள்விறாந்தைத் தட்டில் வைத்தோம். தமையன் தொலைக்காட்சியை ஐந்தாம் வரிசைக்கு மாற்றினான். தந்தையார் பதினைந்து மீற்றர் வலைக்கம்பி வாங்கி வந்து, கூரை வளையோரமாகப் பின்னறை வரை ஆணியடித்துக் கட்டினார். ஒரு பழைய ரவுட்டர் அங்கே அலைபரப்பியாயிற்று. கூட்டிய மாதக் கட்டணத்தைக் குறைத்தும் கொண்டார்கள். 2021ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டபோது, அம்மாணவி என் வகுப்பிலிருந்து ஒருநாளும் மறையவில்லை. முதல் நாளில் அவளுடைய குரல் தெளிவாகக் கேட்டது. ஏனையோர் கேட்கக் கடிந்துகொண்டவன் நான். ஏனையோர் கேட்கவே என் வருத்தத்தையும் தெரிவித்தேன்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் நின்று வேகத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். மிகக் குறைந்த எண் எந்த அறையில் வருகின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின், அவ்வறையில் அமர்ந்து படிப்பவர் யார் என்றும் எண்ணிப் பாருங்கள்.